பவர் இல்லாத வேட்டைக்காரி

அன்ரி ஒரு பிறந்தநாள் மண்டபத்துக்குள் நுழைந்தால் நாலைந்து ஆம்பிளைகளுக்கு உடனே சிகரெட் பிடிக்க வேண்டிவரும். பிடிக்கிற பழக்கம் இல்லாதவர்களும் எழும்பிப் போவார்கள். அன்ரியோ எவரையும் பார்க்கமாட்டார். நேரே போய் பிறந்தநாள் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, கையிலிருக்கும் கவரைக் கொடுத்துவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து மட்டன் ரோல்ஸைப் பிய்த்துச் சாப்பிடுவார். அந்தக் கவரைத் தூரத்தில் கண்டு ஒரு மனுசன் சமையலறைக் கதவால் ஓடியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்தது வாழ்த்து மட்டை.

அவருடைய வேலை அப்படி. நீதிமன்றத் தாள்களைக் கொண்டுபோய் உரியவரின் கையில் கொடுக்கிற வேலை. வழக்குப் போட்டால் மட்டும் போதாது. எதிராளியின் கையில் தாள் போய்ச் சேரவேண்டும். அது தெரிந்த ஆட்கள் கதவைத் திறக்கமாட்டார்கள், போனை எடுக்கமாட்டார்கள், மச்சானின் பேஸ்மென்ரில் போய்ப் படுத்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்கத்தான் அன்ரி. சனம் அவருக்குப் ‘பேப்பர் அன்ரி’ என்று பெயர் வைத்திருந்தது. அவருக்கு முன்னால் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

நான் அப்போது ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், ஒரு தமிழ் சட்டத்தரணியின் அலுவலகத்தில் காரியதரிசிப் பெண்ணாக வேலை செய்தேன். கீழே கொத்துரொட்டிக் கடை. நாள் முழுக்கத் தகரம் அடிக்கிற சத்தம். அன்ரியை முதன்முதல் கண்டபோது யாரோ விவாகரத்துக்கு வந்த கட்சிக்காரி என்றுதான் நினைத்தேன். கத்தரிக்காய் நிறத்தில் மொத்தக் குளிர்கோட்டு, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, தோளில் கைப்பை. குள்ளம். பார்த்துவிட்டுத் திரும்பினால் மறந்துபோகிற முகம். அந்த முகத்தைப் பற்றி ஒருநாள் நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. “உதுதான் பிள்ளை என்ர மூலதனம்,” என்றார்.

கொமிக்ஸ் விசயம் அவருடைய காரில் ஏறிய அன்றுதான் தெரிந்தது. பழைய கொரோலா. பின்சீற் முழுக்கக் கொமிக்ஸ் புத்தகங்கள், ஒவ்வொன்றும் பிளாஸ்ரிக் உறைக்குள். பேரப்பிள்ளைகளுடையதாக்கும் என்று நினைத்தேன். “எனக்கு ஏது பேரப்பிள்ளை? என்ரதுதான்,” என்றார்.

நாட்டுக்கு வந்த புதிதில் அவர் இருந்த அப்பார்ட்மென்ரின் உடுப்புத் தோய்க்கிற அறையில் யாரோ ஒரு பெட்டி கொமிக்ஸை விட்டுவிட்டுப் போனார்களாம். மெசின் சுற்றி முடியுமட்டும் அதைத்தான் புரட்டினாராம். ஆங்கிலம் படித்தது அதில்தான். அதுவும் வில்லன்களிடம். அதனால் அவருடைய ஆங்கிலம் கேட்பவரை மிரட்டும். பஸ் பிந்தி வந்தால் டிரைவரைப் பார்த்து “அட் லாஸ்ட் வீ மீட்” என்பார். பல்லு டொக்டரின் வரவேற்பு மேசையில் நின்று “யூ கனொட் எஸ்கேப் மீ” என்று சொன்னவர். நாள் மாற்றித் தரச்சொல்லித்தான் கேட்டாராம்.

எல்லா வில்லனும் அவருக்குப் பிடிக்காது. இயந்திரக் கை வைத்தவன், வேற்றுக்கிரகத்துக்காரன், மந்திரம் போடுகிறவன் ஒருவனையும் சீண்டமாட்டார். அவருக்கு வேண்டியது ஒரே வகை. எந்தச் சக்தியும் இல்லாமல், வேட்டையாடத் தெரிந்த ஒரே காரணத்தால், சக்தி உள்ளவனைத் துரத்துகிறவன்.

“பவர் இருக்கிறவனைப் பாத்து என்னத்துக்கு வாயைப் பிளக்கிறாய்?” என்று என்னிடம் பாய்வார். “பறக்கிறான், பறக்கிறான் எண்டு. குருவியும்தான் பறக்குது. இவனைப் பார். ரெண்டு கண், ரெண்டு கால், ஒரு கயிறு. நிலத்தில நிண்டுகொண்டு அந்தப் பறக்கிறவனைப் பிடிக்கப் போறான். இவன் எல்லோ மனுசன்?”

“ஆனால் கெட்டவன் அன்ரி.”

“கெட்டவன்தான். நான் என்ன நல்லவன் எண்டே சொன்னனான்? கெட்டிக்காரன் எண்டு சொல்லுறன்.”

கதைகளை அவர் சொல்லக் கேட்கவேண்டும். நினைத்தபோது மறைந்துபோகிற ஒருவன். வேட்டைக்காரன் காடு மேடெல்லாம் துரத்திப் பார்க்கிறான், முடியவில்லை. பிறகு துரத்துவதை விட்டுவிட்டு ஒரு பாண் கடைக்கு முன்னால் போய்ச் சும்மா உட்கார்ந்துவிடுகிறான். “மறையிறவனுக்கும் பசிக்கும் எல்லே,” என்பார் அன்ரி. இன்னொரு கதையில் ஒருவனுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்பவரின் இதயத்துடிப்பும் கேட்கும். அவனுக்குக் கிட்டப் போகவே ஏலாது. வேட்டைக்காரன் என்ன செய்தான்? ஒரு கல்யாண வீட்டுச் சனத்துக்குள் போய் நின்றான். இதைச் சொல்லும்போது அன்ரி ஸ்ரேறிங்கில் ஒரு தட்டுத் தட்டுவார். கார் ஹோர்ன் அடிக்கும். பக்கத்துக் காரில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான்.

அந்தப் புத்தகங்களை வாசித்து விட்டுவிடுகிற ஆளா அவர்? அதையேதான் ரொறன்ரோவில் செய்துகொண்டிருந்தார். ஆளைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தால் விலாசம் கேட்கமாட்டார். “உவருக்கு என்ன இல்லாமல் இருக்கேலாது?” என்றுதான் கேட்பார். மோர்னிங்சைட்டில் ஒருவர். மாதக்கணக்காக வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. மூன்று பேர் தாளோடு போய்த் தட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். அன்ரி அந்த மனுசனின் பழைய மனைவியிடம் போய்த் தேநீர் குடித்தார். வெற்றிலை இல்லாமல் அவரால் இருக்கமுடியாது என்று தெரிந்துகொண்டார். அது போதுமாக இருந்தது. நல்ல வெற்றிலை கடைக்கு வருவது வியாழக்கிழமை, பிளேனில். பின்னேரத்துக்குள் முடிந்துவிடும், அடுத்த நாள் போனால் கறுத்ததுதான் கிடைக்கும். வியாழக்கிழமை அன்ரி முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றார். மனுசன் தொப்பி, மாஸ்க், கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு வந்து வெற்றிலைக் கட்டில் கை வைத்தார். “தம்பி, உங்களுக்கு ஒரு கடிதம்.” அவ்வளவுதான். அன்ரி முருங்கைக்காயைக் கணக்குப் பார்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

பிடித்தபிறகு பேசக்கூடாது என்பது அவர் கொமிக்ஸில் கற்றது. அந்த வில்லன்களுக்கு அது ஒரு வியாதியாம். ஆளைக் கட்டிப் போட்டுவிட்டு அவனுக்கு முன்னால் நின்று பக்கம் பக்கமாகப் பிரசங்கம் செய்வார்களாம். “அந்தப் பிரசங்கத்துக்குள்ளதான் மற்றவன் கட்டை அவிட்டிட்டு ஓடுறவன்,” என்று அன்ரி அலுத்துக்கொள்வார். ஏதோ தன் தம்பி சொல்வழி கேட்காமல் கெட்டுப்போன மாதிரி ஒரு ஆற்றாமை.

எனக்கு அவர்மேல் ஒரு பிரமிப்பு இருந்தது. கூடவே கொஞ்சம் பயமும். என்னைப் பற்றி இந்த மனுசி என்னவெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாரோ என்று நினைத்தால் பின்கழுத்து குறுகுறுக்கும். ஒருநாள் பகிடியாகக் கேட்டேன், “நான் ஒளிச்சால் எங்கை பிடிப்பியள்?” என்று. யோசிக்கவே இல்லை. “ஏன் தேடுவான்? உன்னைப் பற்றி ஆரோ பிழையாக் கதைச்சதெண்டு ஒரு கதையைக் கட்டிவிட்டால் நீயே சண்டைக்கு வருவாய்,” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது உண்மை என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

ஆனால் கண்ட இடத்தில் கொடுக்கிறவர் இல்லை அவர். ஒரு முறை நாங்கள் தேடிக்கொண்டிருந்த ஒருவரின் தகப்பன் இறந்துபோனார். செத்தவீட்டுக்கு மகன் வராமல் இருக்கமுடியுமா? சவச்சாலையில் எல்லாச் சொந்தமும் கூடியிருக்க, அன்ரி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மகன் கொள்ளிக் குடத்தோடு நின்றபடி அன்ரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அன்ரி கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார். முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த பிறகு ஒரு காலை அவன் முற்றத்தில் ஸ்னோ தள்ளிக்கொண்டு நின்றபோதுதான் தாள் அவன் கைக்குப் போனது. அவன் எதிர்க்கவில்லை. உள்ளே வந்து ரீ குடிக்கச் சொன்னானாம்.

பிள்ளைகளுக்கு முன்னாலும் கொடுக்கமாட்டார். ஒரு வீட்டில் மணி அடிக்க ஒரு சின்னப் பொடியன் கதவைத் திறந்து “அப்பா, யாரோ ஒரு அன்ரி!” என்று கத்தினான். ஆள் பின்னாலேயே நிற்கிறார், கை நீட்டினால் முடிந்தது. அன்ரி, “சொறி, வீடு மாறி வந்திட்டன்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அன்று நான் அவரோடு சண்டை பிடித்தேன்.

“குட்டிக்கு முன்னால கை வைக்கிறவன் வேட்டைக்காரன் இல்லைப் பிள்ளை. அவன் இறைச்சிக் கடைக்காரன்,” என்றார். அந்தக் கொமிக்ஸ் ஆட்களிலும் நல்லவர்களுக்கு இப்படி ஒரு நெறி இருக்கிறதாம். நல்ல வில்லன்களுக்கு.

எங்கள் ஊர்ச் சனத்தின் வாய் தெரியும்தானே. பேப்பர் அன்ரி செத்தவீட்டில் கொடுக்கமாட்டா, பிள்ளைக்கு முன்னால் கொடுக்கமாட்டா என்ற கதை மார்க்கம் வீதியிலிருந்து ஒஷாவா வரை போய்விட்டது. அது இவ்வளவு பெரிய வினையாகும் என்று அன்ரியும் நினைத்திருக்கமாட்டார்.

அந்த மாசியில் ஒரு இளம் தாய் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். நாலு வயது மகள். புருசனும் அவளும் பிரிந்திருந்தார்கள். சனி ஞாயிறுக்கென்று பிள்ளையைக் கூட்டிப்போன தகப்பன் திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை. போன் நம்பர் மாறிவிட்டது, வேலையையும் விட்டுவிட்டான். பிள்ளையின் பாஸ்போட் அவனிடம். அவனுடைய தமக்கை லண்டனில் இருக்கிறாள், அங்கே போகப்போகிறான் என்று கதை. நீதிபதி ஒரு கட்டளை எழுதித் தந்தார். பிள்ளையை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது, பாஸ்போட்டோடும் பிள்ளையோடும் குறித்த திங்கட்கிழமை நீதிமன்றத்துக்கு வரவேண்டும். அந்தக் கட்டளை அதற்கு முன் அவன் கையில் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அவன் பிளேன் ஏறிவிடலாம்.

எங்கள் லோயர் ஒரு யோசனை சொன்னார். அவனுடைய தாய்மாமன் காலமானார் என்று இணையத்தில் ஒரு மரண அறிவித்தல் போட்டுவிட்டால் எங்கிருந்தாலும் ஓடிவருவான். பகிடி மாதிரித்தான் சொன்னார், பாதி உண்மையாகவும் சொன்னார். அன்ரி கைப்பையை எடுத்துத் தோளில் கொழுவினார்.

“உயிரோட இருக்கிற மனுசனைக் கொண்டே இரை வைக்கிறது? அப்ப வேற ஆளைப் பாருங்கோ தம்பி.”

அந்தத் தாய் அழத் தொடங்கினாள். “நீங்கள் ரூல் பாருங்கோ அன்ரி. எனக்குப் பிள்ளையெல்லோ போகுது. அவள் நித்திரைக்கு என்ர காதைப் பிடிச்சுக்கொண்டு படுக்கிறவள். இப்ப ஆற்ற காதைப் பிடிக்கிறாளோ தெரியேல்லை.”

அன்ரி கைப்பையைத் திரும்பக் கழற்றி வைத்தார். அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார், அவருக்கு என்ன இல்லாமல் இருக்கேலாது என்று. அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். “மகள் இல்லாமல் இருக்கேலாது,” என்றாள். சொல்லிவிட்டு இன்னும் கூடுதலாக அழுதாள்.

ஆளைக் கண்டுபிடிக்க அன்ரிக்கு ஒரு கிழமைகூட எடுக்கவில்லை. ஒஷாவாவில் ஒரு சிநேகிதனின் பேஸ்மென்ரில் இருந்தான். நானும் கூடப் போனேன். தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் காரை நிற்பாட்டிவிட்டு அன்ரி ஒரு கொமிக்ஸை எடுத்து விரித்தார். வேட்டைக்காரன் ஒரு மலைமேல் படுத்திருக்கிறான். இரண்டு பக்கம் திருப்பியிருப்பார், பக்கக் கதவு திறந்தது. தகப்பன் வந்தான். இடுப்பில் பிள்ளை, பிங்க் தொப்பியோடு. அன்ரி கார்க் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். அவன் கண்டுவிட்டான். ஓடவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளுக்கு மேலே உயர்த்திக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

அன்ரி காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினார்.

“கொண்டுபோய்க் குடுங்கோ அன்ரி! ஒரு நிமிசம். சின்னப் பிள்ளைக்கு என்ன விளங்கப்போகுது?” என்று நான் கத்தினேன்.

“அவளுக்கு விளங்காட்டில் எனக்கு விளங்கும்.”

அதற்குப் பிறகு எந்த நாள் போய்ப் பார்த்தாலும் இதே கதைதான். குப்பை போட வந்தாலும் பிள்ளை கையில். காருக்குப் பெற்றோல் அடித்தாலும் பிள்ளை கையில். எனக்கு விசர் பிடித்துவிட்டது. அன்ரியோ அவனை மெச்சிக்கொண்டிருந்தார். “உவன் கெட்டிக்காரன். என்னட்டை என்ன ரூல் இருக்கெண்டு பாத்து வைச்சிருக்கிறான். கடைசிப் பக்கத்தில வேட்டைக்காரன் தோக்கிறது எப்பவும் உப்பிடித்தான்.”

“உங்கட ஆக்கள் ஒருக்காலும் வெல்லுறேல்லையே?”

“முப்பது வருசமா வாசிக்கிறன். ஒருக்காலும் இல்லை.”

“பிறகென்னத்துக்கு வாசிக்கிறியள்?”

“எங்கை பிழை விடுறான் எண்டு பாக்கத்தான்.”

அடுத்த சனிக்கிழமை அன்ரி தன் காரை விட்டுவிட்டு என் காரில் ஏறினார். என் காரை அவனுக்குத் தெரியாது, என் முகமும் நினைவிருக்காது என்று கணக்குப் போட்டிருந்தார். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவனுடைய கார் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் வந்து நின்றது. நாங்கள் அடுத்த பிளாசாவில் நின்றோம். பிள்ளை இறங்கியதை அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“நீ போய் வரிசையில நில்லு. ஒரு ரீ வாங்கு. ஒண்டும் கதையாதை.”

ஏன் எதற்கு என்று தெரியாமல் போய் நின்றேன். ஐந்து நிமிசம் இருக்காது, பின்னாலிருந்து குரல். “அக்கா, குறை நினையாதேங்கோ. பிள்ளைக்கு அவசரமாம். ஒருக்கா உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போவியளே? நான் கதவடியில நிக்கிறன்.” அவன்தான். பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கதவடியில் அவன் சொன்னபடியே நின்றான். இரண்டு தரம் “ஓக்கேயா குஞ்சு?” என்று கேட்டான். நான் பிள்ளையின் கையைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து அவனிடமே கொடுத்தேன். கொடுக்கும்போது அந்தத் தாயின் முகம் நினைவு வந்தது.

காருக்கு வந்ததும் அன்ரி என்னைப் பிழிந்து எடுத்துவிட்டார். என்ன கண்டாய், என்ன மணந்தது, என்ன சொன்னாள்.

“பிள்ளையை வடிவாப் பாக்கிறான் இல்லை அன்ரி. அழுதிருக்கிறாள். கண்ணைச் சுத்திச் சிவப்பா வட்டமாத் தடம். இந்தக் குளிருக்கு ஈரத்தலை வேற. தொப்பியைக் கழட்டினால் ஏதோ பிளீச் மணம். அந்தப் பேஸ்மென்ர் எப்பிடிக் கிடக்கோ.”

அன்ரி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். பெரிய பரிசு விழுந்தவரின் முகம் அது. “விசரி. அது அழுத தடம் இல்லை. நீச்சல் கண்ணாடிட தடம். மணம் குளத்துத் தண்ணிக்குப் போடுற குளோரின். சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பிள்ளை நீந்தப் பழகுது.”

பிறகுதான் கேட்டேன், அவன் என்னிடம் பிள்ளையைத் தருவான் என்று எப்படித் தெரியும் என்று.

“பிள்ளை காரால இறங்கேக்கை காலைப் பின்னிக்கொண்டு நிண்டது. பெட்டைப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆம்பிளைக் கக்கூசுக்குப் போக எங்கட பொடியள் வெக்கப்படுவாங்கள். வரிசையில ஒரு தமிழ்ப் பொம்பிளை நிண்டால் அவவிட்டைத்தான் குடுப்பாங்கள். நம்பித் தந்த நேரம் நான் வந்து பேப்பரை நீட்டினால் அது பிள்ளையை இரை வைச்ச மாதிரி.”

அடுத்த சனிக்கிழமைதான் கடைசி. திங்கட்கிழமை வழக்கு. அந்தக் கிழமைக்குள் நீந்தப் பழகுகிற இடத்தை அன்ரி விசாரித்து வைத்திருந்தார். ஒஷாவாவின் சமூக நிலையமொன்றில் நீச்சல் தடாகம், அதைப் பார்த்தபடி ஒரு கண்ணாடிச் சுவர், சுவருக்கு இந்தப் பக்கம் பெற்றோர் இருக்கிற வாங்குகள். பிள்ளைகள் ஆசிரியையோடு தண்ணீரில். பெற்றோர் உள்ளே போகக் கூடாது, பிள்ளை தண்ணீரில் நிற்கும்போது விட்டுவிட்டுப் போகவும் மனம் வராது. இதைவிட ஒரு பொறி எந்த வில்லனுக்கு அமையும் சொல்லுங்கள். அவன் முன்னால் இருந்த வாங்கில் தனியாக இருந்தான். மடி வெறுமையாக இருந்தது.

அன்ரி போய் அவனுக்குப் பக்கத்தில் இருந்தார். நான் பின்னால் இருந்த வாங்கில். அவன் திரும்பிப் பார்த்தான். எழும்பப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், திரும்ப இருந்துவிட்டான். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணாடியைக் காட்டினான்.

“பிள்ளை பாக்கிறாள் அன்ரி. உங்கட ரூல்.”

அது உண்மைதான். சிவப்புத் தொப்பி போட்ட சின்னத் தலை ஒன்று சுவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஓம். பாக்கிறாள்,” என்றார் அன்ரி. கவரைக் கைப்பையின் மேல் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

உள்ளே ஆசிரியை தன் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி ஊதிக் காட்டினாள். பிள்ளைகள் ஒவ்வொன்றாய் முகத்தை வைத்தன, சிரித்துக்கொண்டு எழும்பின. சிவப்புத் தொப்பி மட்டும் வைக்கவில்லை. பயம். ஆசிரியை குனிந்து ஏதோ சொன்னாள். பிள்ளை தலையை இல்லையென்று ஆட்டிவிட்டுத் தகப்பனைப் பார்த்தாள்.

எனக்குப் பின்னால் இருந்தே விளங்கியது. அவனுக்கும் விளங்கியது. அவன் தலையாட்டினால் பிள்ளை முகத்தை வைப்பாள். வைத்தால் பார்க்கமாட்டாள். ஆட்டாமல் சும்மா இருந்தால் போதும். வகுப்பு முடியும், பிள்ளை ஓடிவருவாள், தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே நடந்து போய்விடலாம். திங்கட்கிழமையும் தாண்டிவிடும்.

பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றாள். மற்றப் பிள்ளைகள் இரண்டாம் தரம் வைத்து எழும்பிவிட்டன. உதடு நடுங்கத் தொடங்கிவிட்டது அவளுக்கு. அன்ரி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்தத் தாய்க்காக ‘ஆட்டு, ஆட்டு’ என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

அவன் கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்தான். பெரிதாகத் தலையாட்டினான். தன் கன்னத்தை உப்பி ஊதிக் காட்டினான். “வை குஞ்சு, வை. அப்பா நிக்கிறன்,” என்றான். அவளுக்குக் கேட்காது. ஆனாலும் சொன்னான்.

சிவப்புத் தொப்பி தண்ணீருக்குள் போனது. அன்ரியின் கை அசைந்தது. பிள்ளை மூக்கால் தண்ணீர் வடிய, வாய் முழுக்கச் சிரிப்போடு எழும்பியபோது அவன் இரண்டு கையையும் தட்டிக்கொண்டிருந்தான். கவர் அவன் மடியில் கிடந்தது. அதை அவன் குனிந்து பார்க்கவில்லை. அன்ரியும் தட்டினார். நானும் தட்டினேன்.

கதவால் ஈரத்தோடு ஓடிவந்த பிள்ளை, “அப்பா, டிட் யூ சீ மீ? டிட் யூ சீ?” என்று அவன் காலைக் கட்டிப்பிடித்தாள்.

“கண்டனான் குஞ்சு. வடிவாக் கண்டனான்.”

அவன் திங்கட்கிழமை பாஸ்போட்டோடும் பிள்ளையோடும் நேரத்துக்கு வந்தான். துவாய், தொப்பி, நீச்சல் கண்ணாடி வைத்த பையையும் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தான். முகம் வைக்கப் பழகிவிட்டாள், வகுப்பை நிற்பாட்டிவிடாதே என்று சொன்னானாம். அவள் பையை நெஞ்சோடு அணைத்து வாங்கினாளாம். இது லோயர் சொல்லித் தெரியும்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை நாங்கள் காருக்குள் வந்து இருந்தபோது இதெல்லாம் தெரியாது. அன்ரி சீற்பெல்ற்றைப் போடப் பார்த்தார், முடியவில்லை. நான்தான் போட்டுவிட்டேன்.

“அவன் ஆட்டுவான் எண்டு தெரியுமே உங்களுக்கு?”

“தெரியாது.”

“ஆட்டாமல் விட்டிருந்தால்?”

“எழும்பி வந்திருப்பன்.”

“அப்ப அந்தத் தாய்?”

அன்ரி கண்ணாடியைக் கழற்றிக் கோட்டின் நுனியால் துடைத்தார்.

“உண்மையைச் சொல்லட்டே பிள்ளை? அந்த நேரம் எனக்குத் தாயும் நினைவில இல்லை, பேப்பரும் நினைவில இல்லை. அந்தக் குஞ்சு எவ்வளவு நேரமா அவன்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டது, கண்டனியே? ஆட்டடா தம்பி, ஆட்டு எண்டு நானும் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தனான்.”